புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைப் பயறு

உம்மா குவைத்துக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டுதான் கலியாணம் பேசுவார்கள். நான் ஒரே பிள்ளை. வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் வேறொருவரின் வயலில் வேளாண்மை செய்கிறவர். எங்கள் பழைய கிடுகு வீட்டுக்குப் பக்கத்தில், அதே வளவுக்குள், எனக்கென்று அத்திவாரம் போட்டு இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இரண்டு மாரி மழையில் அந்தச் சுவரில் பாசி பிடித்துவிட்டது. அதை உயர்த்தத்தான் உம்மா அங்கே வீட்டு வேலைக்குப் போனார்.

எனக்கு வீடு வேண்டாம், நீங்கள் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்றே தோன்றவில்லை. அந்த வருடம் எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் மூன்று பேர் போயிருந்தார்கள். உம்மா வேனில் ஏறும்போது அழவில்லை. என் கன்னத்தைத் தடவிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"படிக்கக்குள்ள என்னத்தையாவது வாயில போட்டுக்க மகள். வெறும் வயித்தோட புத்தகம் பாக்காத."

பெரிதாக ஏதாவது சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வேன் போய்விட்டது.

அதுவரை நான் படிக்கும்போது எதையும் தின்றதாக எனக்கு நினைவே இல்லை. பிறகு யோசித்துப் பார்த்தால், தின்றிருக்கிறேன். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு கோப்பையில் ஏதோ வந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு நாள் அவித்த கச்சான் கடலை, ஒரு நாள் பொரித்த அரிசியில் தேங்காய்ப்பூ, ஒரு நாள் வத்தாளங்கிழங்கு. கை போய் எடுக்கும், வாய் மெல்லும், கண் புத்தகத்தில் இருக்கும். யார் வைத்தது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

உம்மாவுக்கு எழுதத் தெரியாது. அங்கே பக்கத்து வீட்டில் வேலை பார்த்த ஒரு பெண்தான் உம்மாவுக்காகக் கடிதம் எழுதினாள். பள்ளிக்கூடத்துக் கட்டுரைபோல் இருக்கும். 'அன்புள்ள மகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலத்துக்கும் துஆச் செய்கிறேன்' என்று தொடங்கும் அந்த நீலத் தாளில் உம்மாவின் குரலைத் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒரே ஒரு வரியில்தான் இருக்கும். 'நீ படிக்கும்போது என்ன சாப்பிடுகிறாய்?' எல்லாக் கடிதத்திலும் அந்த வரி இருந்தது. நானும் எல்லாக் கடிதத்திலும் 'நன்றாகச் சாப்பிடுகிறேன்' என்று எழுதினேன்.

ஒரு வருடம் கழித்து, ஊருக்குத் திரும்பிய ஒருத்தியின் கையில் உம்மா ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். வட்ட டின் பிஸ்கட், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற தோடம்பழத் தூள், பால்மா, கொட்டை போட்ட சொக்கலேட் என்று எங்கள் வீடு அதுவரை காணாத சாமான்கள். பக்கத்து வீட்டில் இருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, வந்து எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தார். வாப்பா ஒரு பிஸ்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, திரும்ப டின்னுக்குள் வைத்துவிட்டு, "நீ திண்டு படி" என்றார்.

அந்த நாட்களில்தான் என் சிநேகிதி வீட்டுக்கு வரத் தொடங்கினாள். வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருப்பவள். கடற்கரைப் பக்கம் மூன்று ஒழுங்கை தள்ளி அவள் வீடு. அவளுடைய வாப்பா கரைவலைத் தோணி ஒன்றில் பங்கு வைத்திருந்தார். முன் அறையில் பாயை விரித்து எதிரெதிரே இருப்போம். அவள் தாவரவியலைச் சத்தம் போட்டு வாசிப்பாள், நான் படம் வரைவேன். அவள் குரல் கொஞ்சம் கரகரப்பானது. அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டில் நாலு பேர் இருப்பது போல் இருக்கும். நடுவில் ஒரு பீங்கானில் பிஸ்கட்டும் இரண்டு கிளாஸில் தோடம்பழத் தண்ணீரும் வைப்பேன்.

அந்தத் தண்ணீரைக் குடித்ததும் முழுப் புத்தகத்தையும் ஒரு மூச்சில் முடித்துவிடலாம் போல் இருக்கும். அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் கண் சொக்கும். ஒரு நாள் இரண்டு பேருமே புத்தகத்தில் கன்னம் வைத்துத் தூங்கிப்போனோம். அவள் கன்னத்தில் இலையின் குறுக்குவெட்டு முகம் மை பிரண்டு பதிந்திருந்தது. அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் சாச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

டின் குறையத் தொடங்கியதும் நான் தின்பதை நிறுத்தினேன். "எனக்குத் தெகட்டுது, நீ தின்" என்பேன். அவள் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன். அதை எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் பீங்கானில் உடைந்த துண்டுகள் மட்டும் இருந்தன. அவள் அவற்றையும் விரலால் ஒற்றி எடுத்துத் தின்றுவிட்டு, "நாளைக்கு வாறன்கா" என்று போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பரீட்சைக்கு வீட்டிலிருந்து படிக்கச் சொல்லி எங்களுக்கு விடுமுறை விட்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் பார்க்கவும் வழியில்லை. எலுமிச்சை பிழிந்து இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு ஒரு கிழமை வாசலைப் பார்த்தேன். சாச்சிதான் சொன்னார்.

"பெட்டி முடிஞ்சிட்டெண்டு அவளுக்குத் தெரியும் புள்ள. இனி என்னத்துக்கு வரப்போறா?"

அது எனக்கும் தெரிந்ததுதான் என்பதுபோல் தலையாட்டினேன். அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். மூன்று ஒழுங்கைதான். போகவில்லை. அவள் வாசித்த தாவரவியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரசாயனவியலை எடுத்துக்கொண்டேன்.

பிறகு வீட்டில் பகலில் நான் மட்டும்தான். வாப்பா சுபஹுத் தொழுதுவிட்டு சைக்கிளில் போனால் பொழுது பட்டு மஃரிபுக்குத்தான் வருவார். விடிய எழும்பிச் சோறும் கறியும் ஆக்கி அவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு என் பங்கைச் சட்டியில் மூடி வைப்பேன். பகல் ளுஹர் நேரம் அதைப் பீங்கானில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு இருப்பேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கறியில் பிழை இல்லை. ஒரு பீங்கான் சோற்றுக்கு முன்னால் தனியாக இருந்தால், வீட்டில் எத்தனை பேர் இல்லை என்பது அப்போதுதான் துலக்கமாகத் தெரியும். எழும்பிப் போய் மிச்சத்தைக் கோழிகளுக்குக் கொட்டிவிடுவேன். பிறகு அஸருக்குப் பசிக்கும். குசினிக்குப் போய் ஒரு பிடி சீனியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். மறுபடி பசிக்கும், மறுபடி சீனி. ஒரு பக்கத்தை வாசித்து முடித்தால் முதல் வரி மறந்திருக்கும்.

இப்படி ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு நாள் பகல், தண்ணீர் அள்ளப் போனவள் கிணற்றுக் கட்டைப் பிடித்தபடியே சரிந்து விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது சாச்சியின் மடியில் தலை இருந்தது. சுற்றி நாலைந்து பெண்கள்.

"உச்சி நேரம் கிணத்தடிக்குத் தனியப் போகலாமா புள்ள?" என்றார் ஒருவர்.

"ஆளில்லாத வீடு. குமர்ப்பிள்ளை தனிய இரிக்கி. பாத்துக்கிட்டு இரிந்திரிக்கி, அடிச்சிட்டு" என்றார் இன்னொருவர்.

ஜின் பார்த்துவிட்டது என்று முடிவாகிவிட்டது. பசி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் உடனே தெரிந்தது. தாய் குவைத்தில், மகள் இங்கே பட்டினி என்று ஒழுங்கை முழுக்கக் கதை போகும். அடுத்த நீலத் தாளோடு அது உம்மாவிடம் போய்ச் சேரும். யாரோ ஒரு பெண் அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். நான் வாயை மூடிக்கொண்டேன். சாச்சி ஓதிய தண்ணீர் வாங்கிவந்து முகத்தில் தெளித்தார். கையில் ஒரு கறுப்பு நூல் கட்டினார்கள். விஞ்ஞானப் பிரிவில் படிக்கிற நான் கையை நீட்டிக்கொண்டு இருந்தேன். சாச்சி அன்று கரைத்துத் தந்த கஞ்சியில்தான் எனக்குக் கண் தெளிந்தது. ஆனால் நூலுக்குத்தான் பேர் கிடைத்தது.

மஃரிபுக்கு வாப்பா வந்தார். சாச்சி எல்லாவற்றையும் சொன்னார். வாப்பா கேட்டுக்கொண்டே முகம் கழுவினார், தொழுதார். பிறகு கோழிக்கூட்டை அடைக்கப் போனவர் அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். வந்து என் எதிரே இருந்தார்.

"பகல் சோறு திண்டியா?"

"ஓம் வாப்பா."

அவர் என் கையிலிருந்த நூலைப் பார்த்தார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "கோழிக்குக் கொஞ்சம் கொஞ்சமாப் போடு மகள். இந்த மாதிரிச் சோத்தக் கொட்டினா அதுகள் வயிறு வெடிச்சி மௌத்தாப்போயிரும்" என்றார்.

அவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அழுகிற பெண்பிள்ளைக்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. உம்மாவுக்குத்தான் தெரியும்.

மறுநாள் சைக்கிளில் வந்து இறங்கியபோது சாரன் மடியில் ஏதோ முடிந்து வைத்திருந்தார். குசினி வாசலில் ஒரு சுளகைப் போட்டு அதை அவிழ்த்தார். வயல் வரம்பில் போட்டிருந்த பயறு. கறுத்த காய்கள், சில வெடித்து உள்ளே பச்சை மணி தெரிந்தது.

"இது எரிஞ்சி கெடந்த மண்ணுலயும் வரும். தண்ணி கேக்காது" என்றார். "அவிச்சிப் பாரு."

சாதாரணதரத்துக்குப் படித்த சுகாதாரப் புத்தகம் பெட்டிக்கு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவரையினத்துத் தாவரங்களின் வித்துக்களில் புரதம் அதிகம் என்று எழுதியிருந்தது. அந்த வரிக்குக் கீழே நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். பரீட்சைக்குக் கோடு போட்டதுதான், வயிற்றுக்கு அல்ல.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. சுபஹுக்கு எழும்பியதும் ஒரு கைப்பிடி பயறைக் கழுவி ஊறப்போடுவேன். பகலில் இரண்டு பக்கம் படித்துவிட்டு அடுப்பை மூட்டி அவிய வைப்பேன். பயறு கரையக்கூடாது. மணி மணியாக இருக்க வேண்டும், ஆனால் நகம் பட்டால் நசிய வேண்டும். இறக்கி வடித்து உப்பும் தேங்காய்ப்பூவும் போடுவேன். கைக்குக் கிடைத்தால் ஒரு பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் அரிந்து போடுவேன். கோப்பையில் எடுத்துப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கரண்டி, ஒரு வரி, ஒரு கரண்டி, ஒரு வரி என்று போகும். சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருப்பது போல் அதற்கு முன்னால் இருக்கத் தேவையில்லை. அது பக்கத்தில் இருந்தால் போதும். யாரும் இல்லாத வீட்டில் என்னால் தின்ன முடிந்தது அதைத்தான். தூக்கமும் வரவில்லை. மஃரிப் வரை தலை தெளிவாக இருந்தது.

வாப்பா ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று கொண்டுவந்தார். கௌபி, பிஞ்சுச் சோளன், பச்சைக் கச்சான், குளத்தில் இறங்கிப் பறித்த தாமரைக் கொட்டை, ஒரு நாள் சின்ன முட்டியில் எருமைத் தயிர். விளாம்பழம் கொண்டுவந்த நாளில் அதை உடைத்துச் சர்க்கரை போட்டுக் குழைத்து அவரே என் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு, என் புத்தகத்தில் இருந்த தவளையின் உள்ளுறுப்புப் படத்தைப் பார்த்து, "இதையெல்லாமா படிக்கிற?" என்றார். "ஓம் வாப்பா" என்றேன். அன்று முழுவதும் எங்களுக்குள் நடந்த கதை அதுதான்.

சாச்சிக்கு இது பிடிக்கவில்லை. "குவைத்துக் காசு வருது, நீ பயத்தங்கொட்டையத் திண்டுக்கிட்டு இரிக்கிற. ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவாக?" என்பார். அந்தக் காசு சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. சுவர் இப்போது என் தோள் அளவுக்கு வந்திருந்தது.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு நாள் அஸருக்குப் பிறகு வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. என் சிநேகிதி. கூட அவளுடைய மாமி ஒருவர் வந்து வாசலில் சாச்சியோடு கதைத்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே வந்து கையில் கட்டி வைத்திருந்த கொப்பிகளைப் பாயில் வைத்தாள்.

"இதெல்லாம் நீ வெச்சிக்க" என்றாள். "எனக்கு இனித் தேவல்ல."

"ஏன்? பரீட்சைக்கு வரல்லியா நீ?"

"கலியாணம் பேசிட்டாங்க. அண்டைக்கே பேசிட்டாங்க. ஒங்கட வீட்டுலரிந்து போனனே, அண்டைக்கி வீட்டுல ஆக்கள் வந்திரிந்தாங்க. அதுக்குப் பொறகு வெளிய விடல்ல."

நான் இரண்டு மாதமாக அவளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது முழுவதும் பிழை. அதை அவளிடம் சொல்லவும் முடியாது. கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன். பயறு என்பதால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"பிஸ்கட் இல்ல. இதுதான் இரிக்கி."

அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். "நல்லாரிக்கி" என்றாள். பிறகு, "அந்தப் பிஸ்கட் எனக்குப் புடிக்கவே இல்ல தெரியுமா? ஒரே இனிப்பு. நீ தெகட்டுது எண்டு சொல்லிச் சொல்லி என்னத் திங்க வெச்ச. ஒனக்கு மனசு நோகும் எண்டு திண்டன்" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்தது. தாவரவியல் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து, அந்தக் கரகரத்த குரலில் நாலைந்து வரி வாசித்தாள். வாசலில் இருந்து மாமி கூப்பிட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனாள். கலியாணத்துக்கு நான் போகவில்லை. அன்று எனக்குப் பௌதிகவியல் பரீட்சை. பிறகு அவள் மாப்பிள்ளையோடு ஒலுவிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நேரில் காணவில்லை.

நான் பரீட்சை எழுதினேன். மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை. மலைநாட்டில் இருந்த பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்க இடம் கிடைத்தது. வாப்பா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வயலுக்குப் போய் வந்தார். உம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. கையெழுத்து மாறியிருந்தது. முன்பு எழுதிய பெண் ஊருக்குத் திரும்பிவிட்டாளாம். 'நீ படிக்கும்போது என்ன சாப்பிடுகிறாய்?' என்ற வரி அதில் இல்லை. புதிதாக எழுதுகிறவளுக்கு அது முக்கியம் என்று தோன்றியிருக்காது.

அந்த வருடமே நான் மலைநாட்டுக்குப் போய்விட்டேன். சுவருக்குக் கூரை ஏறியதும் அதற்குப் பிறகுதான். உம்மா திரும்பி வந்த நாளில் நான் வீட்டில் இல்லை. தந்தி கிடைத்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது உம்மா வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மெலிந்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்தார். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பகலைக்குப் புது வீட்டில் பாய் போட்டுச் சோறு வைத்தார். எனக்கும் வாப்பாவுக்கும் மட்டும் பீங்கான் இருந்தது. உம்மாவைக் காணவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சட்டியிலிருந்தே கையால் எடுத்து, வேக வேகமாகத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிடிபட்டவர்போல் கையை இறக்கினார்.

"வந்து இரிங்க உம்மா."

"பழகிட்டு மகள். அங்க இரிந்து திங்க விடமாட்டாங்க. கூப்புடுவாங்க, ஓடணும்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கையைக் கழுவினார்.

நான்கு வருடம் அவர் எப்படித் தின்றார் என்று ஒரு கடிதத்தில்கூட நான் கேட்டதில்லை. அவர் பாயில் எங்களோடு இருந்து முழுதாக ஒரு பீங்கான் சோறு தின்ன ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது என்று வாப்பா பின்னர் சொன்னார். அது நடந்த அன்றும் நான் அங்கே இருக்கவில்லை.